முதலில் சொல்வதா, முழுதாகச் சொல்வதா?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் ஒன்றின் வட்டாரச் செயலாளராகச் சமீபத்தில்தான் பொறுப்பேற்றேன். வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது ஒரு கல்வித்துறைச் செய்தி வந்து விழுகிறது. எது ஆணை, எது வதந்தி என்று எனக்கே பிடிபடவில்லை. உடனே பகிராவிட்டால் "சங்கம் தூங்குகிறதா?" என்கிறார்கள். பகிர்ந்த பிறகு தவறென்று தெரிந்தால் அதற்கும் திட்டு. அரசின் முடிவுகளை உறுப்பினர்களுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது?

பதில்: 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இரவிலிருந்து தொடங்குகிறேன். அன்றுதான் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரவு ஒன்பதரைக்கு 57 வயது இடைநிலை ஆசிரியை ஒருவர் அழைத்தார். "டெட் பாஸ் பண்ணலைன்னா வேலை போயிடுமாமே சார், பென்ஷனும் கிடையாதாமே?" என்றார். குரல் உடைந்திருந்தது. அவருக்கு வந்த செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். மொத்தம் நான்கு வரி: பணியில் உள்ள ஆசிரியர்கள் அனைவரும் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையேல் வீட்டுக்குப் போக வேண்டும்.

தீர்ப்பு சொன்னது அதுவல்ல. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அந்த இரண்டாண்டுக் கெடு. ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே ஓய்வு நாள் வரை தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமென்றால் மட்டும் தேர்ச்சி வேண்டும். கெடுவுக்குள் தேர்ச்சி பெறாதவர்களைக் கட்டாய ஓய்வில் அனுப்பினாலும், தகுதியான பணிக்காலம் இருந்தால் ஓய்வுக்காலப் பலன்கள் உண்டு. அந்த அம்மாவுக்கு 60 வயதில் ஓய்வு, மூன்றே ஆண்டுதான் பாக்கி. "நீங்க தொடரலாம்மா, பென்ஷனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

அந்தச் செய்தியை அனுப்பியவர் பொய் சொல்லவில்லை, ஒரு வரியை விட்டுவிட்டார். நம் வேலையில் அதிகம் காயப்படுத்துவது இந்த விடுபட்ட வரிதான். அதனால் தாளை முழுதாகப் படிக்காமல் எதையும் குழுவில் போடாதீர்கள். அதுவரை "தீர்ப்பு வந்திருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறோம், நாளை மாலைக்குள் விளக்கம் தருகிறோம்" என்று ஒரு வரி போடுங்கள். சங்கம் தூங்கவில்லை என்பதற்கு அது போதும். சொன்னபடி மறுநாள் மாலை விளக்கம் வந்துவிட வேண்டும், அதில் மட்டும் தவறக் கூடாது.

அடுத்து, கையில் இருக்கும் தாள் என்ன வகை என்று பாருங்கள். கொள்கை வேறு, ஆணை வேறு. ஓய்வுபெற்ற நீதிபதி த. முருகேசன் தலைமையிலான குழு 2024இல் அறிக்கை தந்தது, பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. கொள்கை என்பது அரசு போக நினைக்கும் திசை. அதில் ஒரு வரி இருப்பதாலேயே நாளைக் காலை உங்கள் பள்ளியில் எதுவும் மாறிவிடாது. அரசாணையோ விதித் திருத்தமோ வர வேண்டும், அப்புறம் அதைச் செயல்படுத்தச் சொல்லி இயக்குநர் அனுப்பும் உத்தரவான 'செயல்முறைகள்' வர வேண்டும். தொலைக்காட்சியில் அமைச்சர் சொன்னதையும் அரசாணையில் இருப்பதையும் ஒரே தராசில் வைத்துவிட்டால் உறுப்பினர் குழம்பத்தான் செய்வார். எனவே செய்தியின் முதல் சொல்லே வகையைச் சொல்லட்டும்: 'அறிவிப்பு', 'அரசாணை', 'செயல்முறைகள்', 'தீர்ப்பு' என்று.

செயல்முறைகள் வந்தால் பலர் நேராக நடுப்பத்திக்குப் போய்விடுவார்கள். மேலே 'பார்வை' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். எந்த அரசாணையின் பேரில், எந்தக் கடிதத்தின் பேரில் இது வந்தது என்பது அங்கேதான் தெரியும். பார்வையில் சொல்லப்பட்ட அரசாணையையும் தேடிப் படித்தால், கீழே வரும்போது எந்த நிபந்தனை சேர்ந்தது, எது விடுபட்டது என்பது பிடிபடும். பணம் சம்பந்தப்பட்ட அரசாணை என்றால் கடைசிப் பத்தியைப் பாருங்கள். நிதித்துறையின் இசைவு எண்ணும் நாளும் அங்கே இருக்க வேண்டும். எண், நாள், கையொப்பம் எதுவும் இல்லாத வெட்டி ஒட்டிய படத்தை யார் அனுப்பினாலும் நிறுத்தி வையுங்கள், மாவட்டச் செயலாளரே அனுப்பியிருந்தாலும்.

படித்து முடித்துவிட்டீர்கள், சரி. இனி எழுத வேண்டும். அரசாணையின் பி.டி.எஃப் கோப்பை அப்படியே போட்டுவிட்டு 'அனைவரும் படிக்கவும்' என்று எழுதுவது தகவல் சொல்வதாகாது. 2023 டிசம்பர் 21 நாளிட்ட அரசாணை 243ஐ எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கல்வித் துறை ஆசிரியர்களின் முன்னுரிமையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய ஆணை அது. 'விதிகளில் திருத்தம்' என்று தலைப்பிட்டு அனுப்பியிருந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? 'உங்கள் பதவி உயர்வு இனி மாநிலப் பட்டியலில் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டி வரலாம்' என்று எழுதினால், சொந்த ஒன்றியத்திலேயே தலைமையாசிரியர் ஆகலாம் என்று காத்திருந்தவருக்குச் சட்டென்று உறைக்கும். யாருக்குப் பொருந்தும், எந்த நாளிலிருந்து, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். சங்கத்தின் கருத்து, கண்டனம் எல்லாம் அதற்குக் கீழே, தனியாக. இரண்டையும் கலந்து எழுதினால் எது ஆணை, எது நம் கோபம் என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஆணை வந்த பிறகு ஓடுவதைவிட வருமுன் பார்ப்பது நல்லது. சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைப்பார்கள். அதை உட்கார்ந்து வாசித்தால் அடுத்து என்ன வரப்போகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒரு தாள் கிடைக்கவே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு. ஆகவே சங்கத்தின் பெயரில் எழுதாமல் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்பிவிடலாம்.

தவறு நேர்ந்தால் பழைய செய்தியைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். நீக்கினாலும் அது நாற்பது குழுக்களுக்குப் போயிருக்கும். 'நேற்று நாங்கள் சொன்னதில் இந்த வரி தவறு, சரியானது இது' என்று அதே குழுவில் எழுதுங்கள். நான் அப்படி எழுதிய இரண்டு தடவையும் யாரும் திட்டவில்லை. அதன் பிறகு உறுப்பினர்கள் கூடுதலாக நம்பினார்கள்.

கடைசியாக ஒன்று. குழுவில் வாயே திறக்காதவர்கள், ஈராசிரியர் பள்ளியில் நாள் முழுக்க மாட்டிக்கொண்டவர்கள், வாட்ஸ்அப்பே பார்க்காத மூத்தவர்கள் எல்லா ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆணை எது வந்தாலும் அன்று மாலையே அவர்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்து மாவட்டத்துக்கு அனுப்புங்கள். மாநிலப் பொறுப்பாளர்கள் இயக்குநரைச் சந்திக்கப் போகும்போது அந்தக் கேள்விகள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.