கடைசி 300 மீட்டர்

வணக்கம் சார்,

ஐந்து வருடமாக ஓடுகிறேன். போன மாதம் என் இரண்டாவது முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். 34-ஆவது கிலோமீட்டரில் கால் நின்றுவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. இனி ஓர் அடிகூட ஓட முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். 39 வரை நடந்தேன். அப்புறம் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. கடைசித் திருப்பத்தில் 300 மீட்டர் தள்ளி முடிவுக்கோட்டுக் கடிகாரம் தெரிந்தது. 4 மணி 28 நிமிடம். பார்த்ததும் ஓட ஆரம்பித்தேன், பறந்தேன் என்றே சொல்லலாம். 4:29:41-இல் முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கோ வெட்கமாக இருந்தது. காலில் இவ்வளவு ஓட்டம் மிச்சமிருந்தால் ஐந்து கிலோமீட்டர் நடந்தது எதற்கு? என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா? "முடியாது என்று மனம் சொல்லும்போது உடம்பு 40 சதவீதம்தான் உழைத்திருக்கும்" என்று ஒரு வீடியோவில் கேட்டேன். அது உண்மையா?

பி.கு.: அந்த வாரம் முழுக்க ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் வேலை. முதல் நாள் இரவு 11 மணிவரை லேப்டாப்பில்தான் இருந்தேன். ஆனால் காலையில் உடம்பில் அசதி எதுவும் இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகப் படிக்க மாட்டீர்கள்.

என் கதை உங்களுடையதைவிட மோசம். ஒரு மாரத்தானில் 36-ஆவது கிலோமீட்டர் வாக்கில் என் வலது ஷூ லேஸ் அவிழ்ந்தது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷம். குனிந்து நிதானமாகக் கட்டினேன். இரட்டை முடிச்சுப் போட்டேன். பிறகு, அவிழாமல் நன்றாகவே இருந்த இடது லேஸையும் அவிழ்த்துக் கட்டினேன். நிற்பதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கால் அதைத் தேடிக் கொடுத்தது. காலா கொடுத்தது என்பதுதான் உங்கள் கேள்வியும்.

2010-இல் சாமுவேலே மார்கோராவும் வால்டர் ஸ்டயானோவும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ரக்பி ஆடும் 10 பேரை நிலையான சைக்கிளில் ஏற்றி, சராசரியாக 242 வாட் சக்தியில் இனி முடியாது என்னும்வரை மிதிக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம் போல மிதித்துவிட்டுக் கைவிட்டார்கள். கைவிட்ட அடுத்த நொடியே, மூச்சு வாங்கவும் விடாமல், 5 வினாடிக்கு மட்டும் முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். வந்தது 731 வாட். 242-ஐ மிதிக்க முடியாது என்றவர்கள் அதைப்போல மூன்று மடங்கு மிதித்தார்கள். உங்கள் 300 மீட்டர்தான் இது, ஆய்வுக்கூடத்துக்குள் நடந்தது.

இதை வைத்து எல்லாம் மனசுதான் என்று கிளம்பிவிட வேண்டாம். அதே ஆட்கள் களைப்பதற்கு முன் அந்த 5 வினாடியில் ஆயிரம் வாட்டுக்கு மேல் மிதித்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உண்மையாகவே தசையிலிருந்து போயிருந்தது. களைப்பு பொய்யில்லை. கைவிட்ட இடம் மட்டும் தசை தீர்ந்துபோன இடமாக இருக்கவில்லை.

அப்படியானால் அந்த இடத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? இங்கே இரண்டு கட்சி. தென்னாப்பிரிக்காவின் உடற்பயிற்சி அறிவியலாளர் டிம் நோக்ஸ், மூளை ஒரு கவர்னரைப் போல வேலை செய்கிறது என்கிறார். பேருந்துகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பொருத்துவார்களே, அந்தக் கவர்னர்தான். உடம்புக்கு ஆபத்து வருமுன்பே மூளை தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடும், முடிவுக்கோடு தெரிந்ததும் பிடியைத் தளர்த்தும். மார்கோரா இதை ஏற்பதில்லை. ஒளிந்திருந்து தடுக்கிற ஆள் யாரும் வேண்டியதில்லை, 'இது எவ்வளவு சிரமமாக இருக்கிறது' என்ற உணர்வு ஒன்றே போதும் என்கிறார். அந்தச் சிரமம் நாம் தரத் தயாராக இருக்கிற விலையைத் தாண்டினால் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். நான் மார்கோரா கட்சி. என் இடது லேஸை எந்தக் கவர்னரும் அவிழ்க்கவில்லை.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 34-இல் நின்றபோது முன்னால் இருந்தது எட்டுக்கு மேற்பட்ட கிலோமீட்டர். சிரமம் உச்சத்தில், இன்னும் ஒரு மணி நேரம் அதைத் தாங்க வேண்டும், பதிலுக்குக் கிடைப்பது என்னவென்று தெளிவில்லை. கடைசித் திருப்பத்தில் சிரமம் அதேதான். ஆனால் தாங்க வேண்டியது இரண்டு நிமிடம்கூட இல்லை, கடிகாரம் வேறு 4:30-ஐ நோக்கி ஓடுகிறது. விலை கட்டுப்படியாகிவிட்டது. இரண்டு இடத்திலும் நீங்கள் நேர்மையாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

கடிகாரத்தைப் பார்த்து ஓடியதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. பொருளாதார அறிஞர்கள் சிலர் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். 3 மணி, 3:30, 4 மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிந்திருக்கிறது, அவற்றைத் தாண்டியதும் சட்டென்று குறைகிறது. தசைக்கு முழு எண்ணும் தெரியாது, அரை மணிக் கணக்கும் தெரியாது.

அந்த 40 சதவீதம்? எதில் 40 என்று கேளுங்கள். ஆக்சிஜனிலா, தசை பலத்திலா, உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனிலா? அளந்து சொன்ன எண் இல்லை அது, மேடையில் கைதட்டலுக்குச் சொல்வது. சிரம உணர்வை எதிரியாக்குகிற பேச்சு என்பதால் எனக்கு அதில் கோபமும் உண்டு. 1967 ஜூலை 13 அன்று டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் மோன் வான்டூ மலை ஏறும்போது சரிந்து விழுந்து இறந்தார். அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது. களைப்பு தெரியாமல் செய்கிற மருந்து அது. போதும் என்று சொல்ல வேண்டிய குரலை அமுக்கிவிட்டால் உடம்பு எதுவரை போகும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இன்னொன்று, முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் திடீரென்று உடம்பு முடங்குவதை ஓடுபவர்கள் 'சுவர்' என்பார்களே, அது. அந்தக் கிளைகோஜன் பெரும்பாலானோருக்கு அந்தத் தூரத்தில் தீர ஆரம்பிக்கும். அதை வைராக்கியத்தால் நிரப்ப முடியாது, வழியில் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கேயும் மூளை தலையைக் காட்டுகிறது. ஓர் ஆய்வில் சைக்கிள் ஓட்டுபவர்களைச் சுமார் ஒரு மணி நேர ஓட்டத்தில் மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அப்படியும் நேரம் மூன்று சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வரப்போகிறது என்று நாக்கு சொன்னதையே மூளை வரவு வைத்துக்கொண்டது.

இனி உங்கள் பின்குறிப்பு. கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். மார்கோராவும் சகாக்களும் 2009-இல் 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்துப் பட்டன் அழுத்தும் அலுப்பான வேலையில் உட்காரவைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்க்கவிட்டார்கள். இரண்டு நாளும் உடனே சைக்கிள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640. இதயத்திலும் ரத்தத்திலும் இதை விளக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்ன சிரம எண் மட்டும் ஆரம்பம் முதலே கூடியிருந்தது. (சிரமத்தை அளக்க ஸ்வீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத் துடிப்பு வர வேண்டும் என்பது கணக்கு. இந்த விநோதமான 6 ஏன் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன்.) உங்கள் விஷயத்தில் நடுவில் ஓர் இரவு இருந்தது, சரி. ஆனால் 11 மணிக்கு லேப்டாப்பை மூடி விடியற்காலையில் தொடக்கக் கோட்டில் நிற்பவருக்கு அது எத்தனை மணி நேர இரவு? உடம்பில் அசதி இல்லாதது ஆச்சரியமில்லை, இந்தக் களைப்பு அங்கே தெரிவதில்லை.

அடுத்த முறை 34-இல் என்ன செய்யலாம்? தனக்குத்தானே பேசிக்கொள்வது உதவுகிறது. 24 பேரை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், இரண்டு வாரம் அதைப் பழகியவர்கள் சைக்கிளில் 18 சதவீதம் கூடுதலாகத் தாங்கினார்கள். ஆனால் வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும், பயிற்சி ஓட்டங்களிலேயே பழகியிருக்க வேண்டும். பந்தயத்தன்று காலையில் பொறுக்கி எடுத்த வீர வசனம் 34-இல் நாராசமாகக் கேட்கும். மாரத்தான் வீராங்கனை பாவ்லா ராட்கிளிஃப் எண்ணுவார். மூன்று முறை நூறு எண்ணினால் அவருக்கு ஒரு மைல். 2003-இல் லண்டனில் 2:15:25 ஓடியவர். நான் அடுத்த விளக்குக் கம்பம் வரை என்று பேரம் பேசுவேன், கம்பம் வந்ததும் வாக்கு மாறுவேன்.

ஆனால் உங்களுக்கு எண்ணுவதும் பேசுவதும் இரண்டாவது மருந்துதான். முதல் 10 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4:29:41-இல் ஐந்து கிலோமீட்டர் நடைக்கு 50 நிமிடம், கடைசி மூன்று சொச்சத்துக்கு 24 நிமிடம் கழித்தால், முதல் 34-ஐ கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடி அளவில் ஓடியிருக்கிறீர்கள். 4 மணி நேர மாரத்தானுக்குத் தேவை 5:41. அதாவது நீங்கள் போனது 4 மணிக்குள் முடிக்க, இல்லையா? கணக்கு முடிக்கும் வாரத்துக்கு முன் போட்ட திட்டம், வாரம் முடிந்தும் மாறவில்லை. தொடக்கத்தில் 5:41-ஐவிடவும் வேகமாகப் போயிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வாட்சில் பதிவு இருக்கும். முதல் 10-க்கான நேரத்தைப் பார்த்து எழுதுங்கள், 34-ஐப் பற்றி அப்புறம் பேசலாம்.