மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டியில் டிஷ் ஒன்று, டிவி இரண்டு: ஸ்ப்ளிட்டர் போட்டால் ஏன் சில சேனல் வருவதில்லை?

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிதான் அலைகளைப் பிடிப்பது. சாதாரண எல்என்பி ஒரு நேரத்தில் ஒரே கட்டளைக்குத்தான் பணியும். ஐரோப்பாவில் ரிசீவர் (செட்-டாப் பாக்ஸ்) கேபிள் வழியே 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்டம். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு சேர்ந்தால் மேல் அலைவரிசை. ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் இரண்டு ரிசீவர் மாட்டினால், பெரும்பாலும் 18 கேட்பதே ஜெயிக்கும். மற்ற டிவியில் பாதி சேனல் 'சிக்னல் இல்லை' என்னும். ஒரே ஆட்டோவில் ஏறிய இருவர் ஆளுக்கொரு தெரு சொல்வது மாதிரி.

இரட்டை வெளியீட்டு எல்என்பி போட்டு, ரிசீவருக்கு ஒரு கேபிளாக இரண்டு இழுங்கள். கூரையில் இன்னொரு துளை போட மனமில்லையா (ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்)? ஒரே ரிசீவர், அதன் படத்தை இரண்டு டிவிக்கும் பிரித்துத் தரும் ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் போதும். ஆனால் இரண்டிலும் ஒரே சேனல்தான்.

பூஸ்டர் வாங்கிப் பயனில்லை: அது சிக்னலைப் பெரிதாக்கும், வோல்ட் சண்டையைத் தீர்க்காது.