நெஞ்சில் ஐசிடி ட்யூப் போட்டவர்களைப் பார்த்துக்கொள்வது: கேள்வி பதில்

நெஞ்சுநோய் வார்டு நர்ஸ் நான். ஐசிடி (நெஞ்சில் சேர்ந்த நீரையோ காற்றையோ வெளியேற்றப் போடும் ட்யூப்; மறுமுனை தண்ணீர் வைத்த பாட்டிலில் இருக்கும்) பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்றிருந்தேன், வந்தவற்றில் சில.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோர்த்து ட்யூப் போட்டிருக்கிறார்கள் அக்கா. மூச்சு விடும்போதெல்லாம் பாட்டில் குழாயில் தண்ணீர் ஏறி இறங்குகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: ஏறி இறங்கட்டும்மா, ட்யூப் அடைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நின்றுபோனால்தான் பார்க்க வேண்டும். முதலில் போர்வையை விலக்கிப் பாருங்கள், பாதி நேரம் அவரே ட்யூப் மேல் படுத்திருப்பார். அப்படி இல்லையென்றால் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது நுரையீரல் நன்றாக விரிந்திருக்கலாம்; எது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், அதனால் சிஸ்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போகும்போது ட்யூபுக்கு கிளாம்ப் போடு, அதாவது இறுக்கி மூடிவிடு என்கிறார்கள், சரியா?

பதில்: போடாதே தம்பி. அதுவும் பாட்டிலில் குமிழி வருகிறது என்றால் கிட்டவே போகாதே. நுரையீரலிலிருந்து கசிகிற காற்றுக்கு வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே சேர்ந்து, இதயத்தையும் எதிர்ப்பக்க நுரையீரலையும் நெருக்கி, பிரஷர் இறங்கி, ஆள் மூச்சுக்குத் தவிப்பார். பாட்டிலை மார்புக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் வயிற்றின் மேல் பாட்டிலை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

கேள்வி: ஆனால் எங்கள் டாக்டர் ஒன்றரை லிட்டர் வந்ததும் கிளாம்ப் போடச் சொன்னாரே சிஸ்டர்?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது காற்று கசிகிறவர்களுக்கு, இது நீர் வடிக்கிறவர்களுக்கு. பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்துவிடும், அதனால்தான் 1 முதல் 1.5 லிட்டரில் நிறுத்திவைப்பது. அதற்கு முன்பே இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அளவுக்காகக் காத்திராமல் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ட்யூப் கழன்றுவிட்டால்?

பதில்: பாட்டில் பக்கம் கழன்றால், ட்யூப் நுனியை ஸ்டெரைல் வாட்டரில் 2 செ.மீ. ஆழம் முக்கிவைத்துவிட்டுப் புது பாட்டில் எடுங்கள். நெஞ்சிலிருந்தே வந்துவிட்டால் துளையை காஸ் துணி வைத்து மூடி மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். வெளியே வந்த ட்யூபைத் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது.

கேள்வி: ட்யூபைச் சுற்றித் தோல் வீங்கி, அமுக்கினால் நறநற என்கிறது.

பதில்: தோலுக்கடியில் காற்று. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள், பரவுகிறதா என்று தெரியும். கழுத்துவரை ஏறினாலோ குரல் மாறினாலோ தாமதிக்காதீர்கள்.

கேள்வி: வலி என்று மாமா அசையவே மாட்டேன் என்கிறார். மூன்று பந்து இருக்கும் கருவியில் மூச்சுப் பயிற்சியும் செய்வதில்லை.

பதில்: வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், ட்யூப் பக்கம் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பந்துகளை முக்கால்வாசிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக்கூடாது, மெதுவாக இழுத்து மேலே நிறுத்த வேண்டும். மாமா எப்படிச் செய்கிறார் என்று ஒருமுறை பாருங்கள்.