கைக்குழந்தையையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போகலாமா?

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, எட்டு மாதக் குழந்தையையும் நாலு வயதுப் பிள்ளையையும் பூத்துக்குள் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். அது யாரும் செய்யும் சலுகை அல்ல. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 49டி விதி, சாவடிக்குள் யார் யாரை அனுமதிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது; வாக்காளருடன் வரும் கைக்குழந்தை அதில் இருக்கிறது. வயது எதுவும் சொல்லவில்லை. நடந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பல சாவடிகளில் கண்டுகொள்ளாமல் விடுவார்கள்; ஆனால் சாவடியின் தலைமை அலுவலர் மறுத்தால் வாதாட வழியில்லை. ஆகவே நாலு வயதுப் பிள்ளைக்கு, வெளியே நிழலில் கையைப் பிடித்து நிற்க ஒரு பெரியவரை ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். ஆண், பெண் வரிசை தனித்தனி என்பதால் கணவனும் மனைவியும் மாறி மாறிப் போய் வருவது எளிது.

கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு வரிசையில் முன்னுரிமை தரலாம் என்று தலைமை அலுவலர்களுக்கான கையேட்டிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் குழந்தையோடு வெயிலில் நிற்கிறார்கள், சிலர் ஓட்டே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் காவலரிடமோ வரிசையை ஒழுங்குபடுத்துபவரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

போகும் முன் பூத் சிலிப்பில் பாகம் எண் (வாக்காளர் பட்டியலில் உங்கள் பகுதி), வரிசை எண் (அதில் உங்கள் பெயர் இருக்கும் இடம்) இரண்டையும் பாருங்கள். ஒரே பள்ளியில் நாலைந்து சாவடிகள் இருக்கும். அரை மணி நேரம் நின்ற பிறகு தவறான வரிசை என்று தெரிந்தால் குழந்தை தாங்காது. சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது, வாக்காளர் அட்டையோ அனுமதிக்கப்பட்ட வேறு அடையாளச் சான்றோ வேண்டும். காலை 7 மணிக்கே போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயந்திரத்தில் கோளாறு ஏதாவது இருந்தால் முதல் சற்று நேரத்தில்தான் தெரியவரும், வரிசை அப்படியே நின்றுவிடும். யாரையாவது அனுப்பிக் கூட்டத்தைப் பார்த்துவரச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்வருவது நல்லது.

செல்போனைக் காட்டி அழுகையை நிறுத்தலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாவடிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அணைத்து வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டைத் தேர்தல் ஆணையம் 2025இல் அறிவித்தது. சத்தம் வராத பொம்மை ஒன்று, தண்ணீர், பிஸ்கட் போதும். பிள்ளையின் சட்டையில் கட்சி பேட்ஜ், கழுத்தில் துண்டு, கையில் சின்னம் அச்சடித்த பலூன் இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிடுங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆவது பிரிவு, சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் சின்னம் காட்டுவதையும் ஓட்டுக் கேட்பதையும் தடுக்கிறது. "நாம எந்தச் சின்னத்துக்குப் போடப் போறோம்" என்ற பேச்சையும் பிள்ளை காதில் போடாதீர்கள். அது வரிசையில் உரக்கச் சொல்லும்.

உள்ளே போனதும் உண்மையான சிக்கல் கைகளில்தான். முதல் அலுவலர் பெயரைச் சரிபார்ப்பார். இரண்டாமவர் உங்கள் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு, மை இருக்கிறதா என்று பார்த்து, கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தி, நீங்கள் ஓட்டுப் போட இயந்திரத்தைத் திறந்துவிடுவார். பெரும்பாலானோர் குழந்தையை இடது இடுப்பில் வைத்திருப்பார்கள். மை வைக்கும் கையும் அதுதான். ஈரம் காய்வதற்குள் குழந்தையின் கன்னத்திலோ துணியிலோ பட்டுவிடும். அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டால் பல நாள் போகாது, துணியில் பட்டால் போகவே போகாது. குழந்தை உங்கள் விரலை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் நிறையச் சுத்தமான தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போங்கள். மார்போடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால், குழந்தையின் முகம் உங்களைப் பார்த்தபடி கட்டிக்கொண்டு போவதே இதற்கு நல்ல வழி. இரண்டு கையும் விடுபடும், குழந்தையின் கையும் இயந்திரத்துக்கு எட்டாது. பை இல்லையென்றால் மை வைக்கும்போது வலது கைக்கு மாற்றி, இடது விரலைத் தள்ளி நீட்டிக் காய விடுங்கள். கையெழுத்துக்கு மட்டும் மறுபடி மாற்றுங்கள். பிள்ளை ஆசைப்படுகிறது என்று அதன் விரலிலும் மை வைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது வாக்கு இயந்திரத்தின் நீலப் பொத்தான். குழந்தைகளுக்கு அழுத்த ஆசை வரும். இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் கை எட்டும் உயரத்தில்தான் கருவி இருக்கிறது. எந்தப் பொத்தான் முதலில் அழுந்துகிறதோ அதுவே உங்கள் ஓட்டு. சிவப்பு விளக்கு எரிந்து, விவிபேட் (ஓட்டு எதற்கு விழுந்தது என்று சீட்டில் காட்டும் கருவி) கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 விநாடி தெரிந்து விழுந்து, நீளமான பீப் சத்தம் வந்தபின் அதை மாற்ற யாராலும் முடியாது. குழந்தை அழுத்திவிட்டது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. சீட்டில் வேறு சின்னம் விழுந்தது என்று பொய்யாக எழுதிக்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளையின் விரலைப் பிடித்து வேண்டுமென்றே அழுத்த வைப்பது இதைவிட மோசம். 2024 மக்களவைத் தேர்தலில் மத்தியப் பிரதேசத்தின் பெராசியாவில் ஒருவர் தன் மகனை விட்டு அழுத்தச் செய்த வீடியோ பரவி, அவர்மீது வழக்குப் பதிவானது. சாவடியின் தலைமை அலுவலர் பணியிடை நீக்கம் ஆனார். உங்கள் ஆசைக்கு அந்த அலுவலரின் வேலை போகக்கூடாது.

இதையொட்டி இன்னொன்று. பார்வை தெரியாத பாட்டிக்குத் துணையாகப் பன்னிரண்டு வயதுப் பேத்தியை அனுப்புகிறவர்கள் உண்டு. ஓட்டுப் போட உதவும் துணைக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அன்று ஒருவர் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக இருக்கலாம்.

மாலையில்தான் போக முடியும் என்றால், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிடுங்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். அது கைக்கு வந்துவிட்டால் எத்தனை மணி ஆனாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வரலாம்.