எட்டு பாருக்கு அப்புறம் என்ன? – வாசகர் கேள்வி பதில்

மின்னணு நடன இசை பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிராக்கின் கட்டமைப்பைப் பற்றியவை. பதில்களுக்குள் போகும் முன் ஒரு கணக்கு. ‘பார்’ என்று நாம் சொல்வது நான்கு அடி கொண்ட ஒரு சுற்று. 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) வேகத்தில் ஒரு பார் 1.875 விநாடி. ஆக, 8 பார் 15 விநாடி, 16 பார் அரை நிமிடம், 32 பார் சரியாக ஒரு நிமிடம்.

கேள்வி: எட்டு பார் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) ஒன்று அருமையாக வந்திருக்கிறது. அதையே நான்கு நிமிடத்துக்கு நீட்டினால் சீக்கிரமே சலித்துவிடுகிறது. புதிய ஒலிகளைச் சேர்த்தும் பார்த்துவிட்டேன், சரிவரவில்லை. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். (வாசகர், கோயம்புத்தூர்)

சேர்ப்பதை நிறுத்துங்கள். லூப் அருமையாக இருக்கிறது என்றால் அதில் வேண்டியதெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இனி வேலை கழிப்பதில்தான்.

எல்லாத் தடங்களையும் பிளேலிஸ்டில் (பாட்டை வரிசைப்படுத்தும் திரையில்) 128 பாருக்குப் பரப்பிவிடுங்கள். 128 பிபிஎம்மில் அது நான்கு நிமிடம். பிறகு அழிக்கத் தொடங்குங்கள். முதல் 16 பாரில் கிக்கும் (கனமான அடி டிரம்) ஷேக்கரும் ஒரு பெர்கஷனும் (துணைத் தாள ஒலி) போதும். 17ஆம் பாரில் பேஸ் (அடிநாத வரி) வரட்டும். 25இல் கார்டுகள், ஆனால் மேல் ஒலிகளை வடிகட்டும் லோபாஸ் ஃபில்டரை 300 ஹெர்ட்ஸ் பக்கம் மூடிவைத்து. 33இல் கிக்கையும் பேஸையும் எடுத்துவிட்டால் பிரேக்டவுன், அதாவது இறக்கம். 41 முதல் 48 வரை பில்டப், அதாவது ஏற்றம். இந்த எட்டு பாரில் ஃபில்டர் மெதுவாகத் திறந்து 6,000 ஹெர்ட்ஸைத் தாண்டட்டும். 49இல் முதல் ட்ராப் (எல்லாம் முழு வீச்சில் திரும்பும் உச்சம்), 80 வரை. 81 முதல் 96 வரை இரண்டாவது இறக்கமும் ஏற்றமும். 97இல் இரண்டாவது ட்ராப். கடைசி எட்டு பாரில் ஒவ்வொன்றாக விலகிப் போகலாம். இதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் காலியான திரையில் தொடங்குவதைவிட நிரம்பிய திரையில் வெட்டுவது பல மடங்கு வேகமான வேலை.

இப்போது பெரிய வடிவம் கிடைத்துவிட்டது, உள்ளே நுணுக்கம் வேண்டும். ஒவ்வொரு 8 பாரின் முடிவிலும் ஒரு சின்ன அடையாளம் வையுங்கள்: கடைசி இரண்டு கிக்கை எடுப்பது, க்ளாப்பை ஒருமுறை இரட்டிப்பது, தலைகீழாக ஓடும் ஒரு சிம்பல். 16 பாருக்கு ஒரு கருவி நுழையவோ விலகவோ வேண்டும். 32 பாருக்கு முழுப் பகுதியே மாற வேண்டும். கேட்பவர் எண்ணுவதில்லை, ஆனால் அவர் உடம்பு எண்ணிக்கொண்டிருக்கிறது. 16 முடியும் இடத்தில் எதுவுமே நடக்காவிட்டால் அதைத்தான் ‘போர்’ என்கிறார்.

எஃப்எல் ஸ்டுடியோவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிளேலிஸ்டில் நகலெடுத்த பேட்டர்ன்கள் எல்லாம் ஒரே பேட்டர்னின் பிரதிபலிப்புகள். எட்டாவது பாரில் ஒரு ஸ்நேர் டிரம் அடியைச் சேர்த்தால் பாட்டு முழுக்க அந்த ஸ்நேர் விழும். மாற்ற வேண்டிய துண்டை மட்டும் முதலில் ‘மேக் யுனீக்’ கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை, நகலெடுத்த கிளிப் தனியாகவே நிற்கும்.

கேள்வி: நான் நான்கு பாருக்கு ஒருமுறை ஏதாவது மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் நண்பர்கள் ‘ஒரே கசமுசாவாக இருக்கிறது’ என்கிறார்கள். (வாசகி, மதுரை)

நண்பர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆடுகிறவருக்குப் பிடிமானமாக ஏதாவது ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தடத்தை, பெரும்பாலும் பேஸ் வரியை அல்லது ஹைஹேட் நடையை, 32 பாருக்குத் தொடவே தொடாதீர்கள். மாற்றம் வரும் இடத்தில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் முன்னால் வர வேண்டும்: ஃபில்டர் திறக்கிறதென்றால் மெலடி பழையதாகவே இருக்கட்டும், மெலடி மாறுகிறதென்றால் டிரம்ஸ் பழையதாகவே ஓடட்டும். இருக்கிற ஃபில்களில் (பகுதி முடிவில் வரும் சின்ன அலங்கார அடிகளில்) பாதியை அழித்துவிட்டு மறுநாள் கேளுங்கள். எது போனது என்று நினைவுக்கு வராவிட்டால் அது தேவையே இல்லை.

கேள்வி: பில்டப் நன்றாக ஏறுகிறது. ட்ராப் வந்ததும் ‘ப்சு’ என்று இறங்கிவிடுகிறது. கிக்கை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. (வாசகர், சென்னை)

கோளாறு பெரும்பாலும் ட்ராப்பில் இருக்காது, அதற்கு முந்தைய எட்டு பாரில் இருக்கும். பில்டப்பின் வெள்ளை இரைச்சல், ஸ்நேர் உருட்டு, ஏறுகிற சிந்த் (சிந்தசைசர்) எல்லாம் சேர்ந்து மாஸ்டர் லிமிட்டரை (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) ஏற்கெனவே முட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ட்ராப் போக இடமில்லை. லௌட்னெஸ் மீட்டரில் ஷார்ட்-டெர்ம் அளவைப் (சில விநாடிகளின் சராசரி) பாருங்கள். பில்டப்பின் கடைசி எட்டு பாரைவிட ட்ராப் 2 முதல் 3 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் கிக்கைக் கூட்டாமல் பில்டப்பைக் குறையுங்கள். அந்த எட்டு பார் முழுவதும் வால்யூமை 1.5 டெசிபல் அளவுக்கு நைசாக இறக்கிக்கொண்டே வந்தால், ஒலி உயர்ந்துகொண்டும் அடர்ந்துகொண்டும் இருப்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அடுத்தது அடித்தளம். பில்டப்பில் 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கீழ் ஒலிகளை வடிகட்டும் ஹைபாஸ் ஃபில்டரைப் படிப்படியாக ஏற்றி அந்த எல்லைக்குக் கொண்டுவாருங்கள். பேஸ் இல்லாமல் 15 விநாடி கேட்ட காதுக்கு, அதே பழைய கிக் திரும்பி வரும்போது பெரிதாகத் தெரியும். அகலத்துக்கும் இதே வைத்தியம்: கடைசி நான்கு பாரில் ஸ்டீரியோவைச் சுருக்கி மோனோவுக்கு நெருக்கமாக்கிவிட்டு, ட்ராப்பில் விரித்துவிடுங்கள்.

ஸ்நேர் உருட்டை எட்டு பாருக்கு இப்படிப் பிரிக்கலாம்: முதல் நான்கு பாரில் அடிக்கு ஒன்று, அடுத்த இரண்டில் அடிக்கு இரண்டு, ஏழாவதில் அடிக்கு நான்கு, எட்டாவதில் முதல் மூன்று அடி மட்டும் அடிக்கு எட்டு. கடைசி ஓர் அடி மௌனம். அந்த மௌனத்தைத்தான் பலர் கெடுக்கிறார்கள். நோட்டுகளை வெட்டியிருப்பார்கள், ஆனால் ரிவெர்ப், டிலே ஆகிய எதிரொலிகள் வால்போல் நீண்டு இடைவெளியை நிரப்பிவிடும். அந்த எதிரொலிகள் ஓடும் ரிட்டர்ன் தடத்தின் வால்யூமையும் அந்த ஓர் அடிக்கு ஆட்டோமேஷனில் பூஜ்ஜியமாக்குங்கள். ட்ராப்பின் முதல் அடி வறண்டு, கிட்டத்தில் இருந்து அறைய வேண்டும்.

கேள்வி: இரண்டாவது ட்ராப் முதலாவதின் நகல்போலவே இருக்கிறது. முற்றிலும் வேறாக எழுதினால் வேறு பாட்டுபோல ஆகிவிடுகிறது. (வாசகர், கோலாலம்பூர்)

இரண்டுக்கும் நடுவே மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, மெலடியைத் தொடாமல் அடியில் உள்ள பேஸ் நோட்டுகளை மாற்றுவது. முதல் ட்ராப் ஏ மைனரில் தொடங்கியது என்றால் இரண்டாவதை எஃப் மேஜரில் தொடங்குங்கள். மேலே நின்று ஒலிக்கும் ‘ஈ’ என்ற அதே சுரம் ஏ மைனரில் ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது, இப்போது எஃப் மேஜரில் ஏழாவது இடத்துக்கு வந்து ஏக்கம் கொடுக்கும். கேட்பவருக்குப் பழைய பாட்டு, புதிய வெளிச்சம்.

இரண்டாவது, நோட்டுகளை அப்படியே விட்டு தாளத்தை மட்டும் மாற்றுவது. டிரம் அண்ட் பேஸ் செய்பவர்களுக்கு இது கைவந்த கலை: 174 பிபிஎம்மில் 2ஆம், 4ஆம் அடியில் விழும் ஸ்நேரை 3ஆம் அடிக்கு மட்டும் நகர்த்தினால், வேகம் மாறாமலே பாட்டு பாதி வேகத்தில் நடப்பதுபோலத் தோன்றும். எட்டு பார் அப்படி ஓட்டிவிட்டுப் பழைய நடைக்குத் திரும்பினால் கூட்டம் துள்ளும்.

மூன்றாவதுதான் எளியது, ஆனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். உங்களிடம் 12 தடங்கள் இருந்தால் முதல் ட்ராப்பில் ஒன்பதைத் தாண்டாதீர்கள். ஆஃப்பீட்டில் (இரண்டு அடிகளுக்கு நடுவே) விழும் திறந்த ஹைஹேட், ஒரு எதிர்மெலடி, ஓர் அகலமான பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்த் ஒலி), இவற்றை இரண்டாவதுக்கு ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டியவரால் பிறகு வால்யூமைத்தான் கூட்ட முடியும்.

கேள்வி: டெக்னோவில் பிரேக்டவுன், ட்ராப் எதுவும் இல்லாமல் ஆறேழு நிமிடம் எப்படிப் பிடித்துவைக்கிறார்கள்? (வாசகர், பாரிஸ்)

அங்கே மாற்றம் நிகழ்ச்சியாக வருவதில்லை, நகர்வாக வருகிறது. சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைஞர்கள் 1980களில் ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரில் ஒரே வரியைச் சுழலவிட்டு, கட்ஆஃப் (ஃபில்டரின் எல்லை), ரெசொனன்ஸ் (அந்த எல்லையின் கூர்மை), டிகே (ஒலி அடங்கும் நேரம்) ஆகிய திருகுகளை மட்டும் மெல்லத் திருப்பியே முழுப் பாட்டையும் நடத்தினார்கள். அதற்கும் முன்னால், 1982இல், மும்பையில் சரண்ஜித் சிங் இதே டிபி-303ஐயும் டிஆர்-808 டிரம் மெஷினையும் வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் பதிவு செய்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே தாளம் நின்ற இடத்தில் நிற்க, ராகம்தான் விரியும்.

செய்முறைக்கு வருவோம். கிக்கும் க்ளாப்பும் வழக்கமான 16 ஸ்டெப்பில் (ஒரு பாரின் 16 சமக் கூறுகளில்) ஓடட்டும். ஒரு பெர்கஷன் பேட்டர்னின் நீளத்தை 12 ஸ்டெப் ஆக்குங்கள். இரண்டும் மீண்டும் ஒன்றாகச் சேர 48 ஸ்டெப், அதாவது 3 பார் ஆகும். இன்னொரு சின்ன சிந்த் வரியை 7 ஸ்டெப் ஆக்கினால், மூன்றும் சேர்ந்து தொடக்கத்துக்கு வர 336 ஸ்டெப், 21 பார். 132 பிபிஎம்மில் ஏறக்குறைய 38 விநாடிக்கு எதுவும் அச்சாகத் திரும்பாது, ஆனால் நீங்கள் எழுதியது மூன்று குட்டி வரிகள்தான். ஒன்றை மறக்காதீர்கள்: 21 பார் 32 பாரோடு பொருந்தாது. 33ஆம் பாரில் எல்லாப் பேட்டர்னையும் தொடக்கத்திலிருந்து ஓடும்படி வெட்டிவைக்காவிட்டால், பகுதி மாறும் இடத்தில் அவை அரைகுறையாக வந்து விழும்.

இதன்மேல் ஹைஹேட்டின் டிகே அளவுக்கு, டெம்போவோடு இணைக்காத எல்எஃப்ஓ (ஓர் அளவை மெதுவாக அசைக்கும் அலை) ஒன்றை 0.03 ஹெர்ட்ஸில் மாட்டுங்கள். ஒரு சுழற்சிக்கு 33 விநாடி ஆகும். 10, 15 சதவீத அசைவு போதும். முக்கியமான ஃபில்டரை மட்டும் எல்எஃப்ஓவிடம் விடாமல், ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் கையால் திருகிப் பதிவு செய்யுங்கள். மவுஸால் வரைந்த நேர்க்கோட்டில் தயக்கமும் அவசரமும் இருக்காது, கையில் இருக்கும்.

கேள்வி: நம் லயக் கணக்குகளை ஃபில்லாகப் பயன்படுத்தலாமா? நான் மிருதங்கம் படித்தவன். (வாசகர், யாழ்ப்பாணம்)

தாராளமாக. ஒரு பாரின் 16 ஸ்டெப்பில் முதலாவதை வெறுமையாக விடுங்கள். இரண்டாவது ஸ்டெப்பில் ‘ததிங்கிணதொம்’ தொடங்கட்டும். ஐந்து அட்சரம், மூன்று முறை: 2, 7, 12 ஆகிய ஸ்டெப்புகளில் ‘த’ விழும், 16இல் கடைசித் ‘தொம்’ முடியும், அடுத்த ஸ்டெப் சமம், அதாவது அடுத்த பாரின் முதல் அடி. ‘த’ விழும் மூன்று இடங்களிலும் டாம், சமத்தில் கிக்கும் கிராஷும். கர்னாடகக் கணக்கு தெரியாத கூட்டத்துக்கும் அந்த மூன்றின் இழுப்பு உறைக்கும், மூன்றாவதன் முடிவில் கால் தானாக விழும்.

இரண்டு எச்சரிக்கை. மூன்று முறை வந்து சமத்தில் முடியும் இந்தத் தீர்மானம் ஓடும்போது கிக்கை நிறுத்துங்கள், அல்லது முதல் அடியில் மட்டும் வையுங்கள். நான்கு அடியும் கிக் இடித்தால் ஐந்தின் நடை மூழ்கிப்போகும். பாட்டில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். 16 பாருக்கு ஒரு தீர்மானம் வந்தால் அது கச்சேரியின் தனி ஆவர்த்தனமாகிவிடும், ஆட்டம் நின்றுவிடும்.

கேள்வி: என் டிராக்கை மிக்ஸ் செய்ய முடியவில்லை என்று டிஜே ஒருவர் திருப்பிவிட்டார். ஸ்ட்ரீமிங்கிற்கோ பாட்டு சுருக்கமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எதைக் கேட்பது? (வாசகி, சிங்கப்பூர்)

இரண்டு வடிவம் செய்யுங்கள். டிஜேக்கு உரியதில் முன்னும் பின்னும் 32 பார் டிரம்ஸ் மட்டும் ஓடட்டும். மெலடியோ பேஸோ அங்கே இருந்தால் முந்தைய பாட்டின் சுருதியோடு மோதும். ஒவ்வொரு பகுதியும் 8இன் மடங்கில் முடிய வேண்டும். நீங்கள் சுவைக்காக ஒரு பாரைக் கூட்டியிருந்தால் அவர் எண்ணிக்கை அங்கேதான் தவறியிருக்கும். அப்படி ஒன்று வேண்டுமென்றால், கிக் இல்லாத பிரேக்டவுனுக்குள் வையுங்கள், மிக்ஸ் நடக்கும் முதல், கடைசி நிமிடங்களில் வேண்டாம். கோப்பை வேவ் வடிவில் கொடுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் மிகச் சிறிய வெற்றிடம் சேர்ந்து டிஜே மென்பொருளின் அடிக் கட்டம் (கிரிட்) விலகக்கூடும்.

ஸ்ட்ரீமிங் வடிவத்துக்கு அந்த 32 பாரையும் வெட்டி, பாட்டின் முக்கியக் குரலோ மெலடியோ முதல் 8 பாருக்குள் காதில் விழும்படி செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 128 பிபிஎம்மில் அது 16 பார். எனவே 17ஆம் பாரில் என்ன நுழைகிறது என்பதைவிட, 13ஆம் பாரில் அது வரப்போகிறது என்று எது சொல்கிறது என்பதில் நேரம் செலவிடுங்கள்: திறக்கத் தொடங்கும் ஒரு ஃபில்டர், ஏறும் ஒரு ரைசர், அல்லது குரலின் முதல் சொல் மட்டும்.