பதில்: முதியோர் கோலாட்டத்துக்கு ஆள் குறையுது, என்ன செய்ய?

அண்ணாச்சி, கோலாட்டத்துக்கு முதல் வாரம் 20 பேர் வந்து இப்போ 5 பேர்தான்னு எழுதியிருக்கீங்க. சாயங்காலம் 6.30 மணி, கோயில் மண்டபம், தரையில உக்காரணும், ஸ்பீக்கர்ல பாட்டு. காரணம் பூரா இதுலயே கிடக்கு.

அந்த நேரம் விளக்கேத்தணும், இருட்டுல திரும்பணும். 4 மணிக்கு மாத்துங்க. அதுக்கு முன்னால, பீடி சுத்துற ஆச்சிமார் கடையில கட்டு ஒப்படைக்கிற நேரத்தை விசாரிங்க. அதோட மோதுனா ஒருத்தரும் வரமாட்டாங்க.

மூட்டுவலிக்காரங்க தரையில இருந்து எந்திரிக்கப் படுற பாட்டுக்குப் பயந்தே நின்னுருவாங்க. கைப்பிடி வச்ச நாற்காலியை வட்டமாப் போடுங்க. கல்தரையில பிளாஸ்டிக் கால் வழுக்கும், நாலுக்கும் ரப்பர் புஷ் மாட்டிருங்க. மெல்லிசான கோலை இறுக்கிப் பிடிச்சா விரல் கணு வலிக்கும். பிடிக்கிற இடத்துல பழைய வேட்டித்துணியை ரெண்டு சுத்து சுத்தி, நூலால கட்டுங்க. முதல் வாரம் தன் கோலை மட்டும் தட்டட்டும், பக்கத்தாள் கோல் அப்புறம். கை தோளுக்கு மேல போக வேண்டாம். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி.

ஸ்பீக்கரை அணைச்சிருங்க. காது மந்தமானவங்களுக்குச் சத்தத்தைக் கூட்டுனா மண்டபத்துல வார்த்தை இன்னும் குழம்பும். ஒருத்தர் மெதுவா வரி எடுக்கட்டும், மத்தவங்க வில்லுப்பாட்டு மாதிரி "ஆமா" போடட்டும். மறதி உள்ளவங்களும் அதுல தடையில்லாமச் சேர்ந்துக்கலாம்.

கலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுங்கிறதுக்கு, 3000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019-லயே அறிக்கை விட்டிருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. வைத்தியம்னு காதுல விழுந்தா, "எனக்கு என்ன கேடு"ன்னு கேப்பாங்க. நின்னுபோன 15 பேர் வீட்டுக்கும், வந்துக்கிட்டிருக்கிற ஆச்சி ஒருத்தரையே அனுப்புங்க.