பொடிப்பல் ரம்பத்துக்கு அரம் போடுவது: கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் வீணைப் பட்டறையில் பலா அறுக்கிறவன் நான். கைரம்பம் பற்றிக் கேளுங்க.

மன்னார்குடி: ஐயா, நானே அரம் போட்டேன். ரம்பம் இடது பக்கமாவே இழுக்குதே?

இடது வரிசைப் பல் அதிகமா விலகியிருக்கு தம்பி. எண்ணெய்க்கல்லை அந்தப் பக்கம் படுக்கவச்சு, நெடுக ஒரே ஒரு தடவை லேசா ஓட்டி அறுத்துப் பாருங்க. அதுலயும் சரியாகலைன்னா முதல்லேருந்துதான். தட்டை அரத்தைப் பல் மேல ஓட்டி எல்லாப் பல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாங்க. ஒவ்வொரு நுனியிலயும் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு மின்னும். பொட்டு மறையுற வரைக்கும்தான் முக்கோண அரம். மறைஞ்ச பிறகு ஒரு இழுப்பு கூடினாலும் அந்தப் பல் குட்டையாயிடும், அது அறுக்காது. பல்லிடுக்குல ஸ்கெட்ச் பேனா மை தடவிக்கிட்டா விட்டுப்போன இடம் தெரியும். வைஸுக்கு மேல தகடு கால் அங்குலம் தெரிஞ்சாப் போதும். கூடினா அதிரும், அரம் கிறீச்சிடும்.

கும்பகோணம்: அங்குலத்துக்கு 16 பல். எந்த அரம்?

4 அங்குல முக்கோண அரம், இருக்கறதுலயே மெல்லிசு.

பட்டுக்கோட்டை: பல் நுனி நீலமா இருக்கு, அரம் வழுக்குதே?

சூடேத்திக் கடினமாக்கின பல். அரம்தான் பாழாகும், விட்டுடுங்க.

திருவாரூர்: பல்லை இடம் வலமா மாத்தி மாத்திச் சாய்க்கற செட்டைக் கம்மியா வச்சா, மழைக்கால மரத்துல ரம்பம் இறுகிடுமே அண்ணே!

இறுகும். ஈரநார் ஊதித் தகட்டைப் பிடிக்கும். அதுக்குப் பெரும்பல் ரம்பம் தனியா வச்சுக்கங்க. காய்ஞ்ச பலாவுக்கு அரை மில்லிமீட்டர் தகடுன்னா வெட்டோட அகலம் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தனித்தனியாச் செஞ்சு ஒட்டுற ஒட்டு வீணையில குடமும் தண்டியும் (நீளக் கழுத்து) சேருற இடத்துல மயிரிழை இடைவெளியும் கண்ணுல உறுத்தும். பல்லோட மேல்பாதியை மட்டும் சாய்க்கணும், அடியிலேருந்து வளைச்சா ஒடியும். சாய்ச்ச பல்லை எதிர்ப்பக்கம் திருப்பவே கூடாது.

திருவையாறு: முதல்ல செட், அப்புறம் அரம். எங்க அப்பா அப்படித்தான்.

அதுவும் சரிதான். நான் மட்டம், அரம், செட், கடைசியா லேசா ஒரு அரம்.

திருவாரூர்: அந்தக் கடைசி அரத்துல செட் போயிடாதா?

நுனியைத் தொட்டாப் போகாது. ரெண்டு மூணு தடவை அரம் போடுற வரைக்கும் அதே செட் தாங்கும்.

திருவையாறு: அப்ப தடவைக்குத் தடவை செட் வேண்டாமா?

வேண்டாம்! பொடிப்பல் ஒடியுறதே அதனாலதான்.

சீர்காழி: நீலப் பல்லுக்கு...

பட்டுக்கோட்டைக்காரருக்குச் சொன்னதுதான். அரம் போடாதீங்க.

நாகப்பட்டினம்: மிஷின் வட்ட ரம்பம்?

என் வேலை இல்லை. சாணைக் கடையில கேளுங்க.

வேதாரண்யம்: ஐப்பசி கார்த்திகையில துரு ஏறுதே?

தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால, முதுகுலேருந்து பல் பக்கமாத் துடைச்சு வைங்க. எதிர்ப்பக்கம் இழுத்தா விரல் கிழியும்.